ஒரே ஊர்தானா?

கல்பாக்கத்தை ஒட்டிக் கடலோரம் நிற்கும் டச்சுக் கோட்டைக்கு வழி கேட்டால் ‘சட்ராஸ் கோட்டையா?’ என்று திருப்பிக் கேட்பார்கள். அரசுப் பதிவேட்டில் ஊரின் பெயர் சதுரங்கப்பட்டினம். 14-ஆம் நூற்றாண்டில் இந்தப் பகுதியை ஆண்ட இராசநாராயணச் சம்புவராயன் பெயரால் அது இராசநாராயணன் பட்டினம் ஆனது. சதிரவாசகன் பட்டினம் என்ற பெயரும் அதற்கு உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் துணி வாங்க வந்த டச்சுக் கம்பெனி எழுத்தர்கள் தங்கள் நாக்குக்கு வந்தபடி ‘சட்ரஸ்பட்டணம்’ என்று எழுதினார்கள். ஆங்கிலேயர் வாலை வெட்டி ‘சட்ராஸ்’ ஆக்கினார்கள். கடலில் வந்த ஐரோப்பிய மாலுமிகளோ உள்ளே தள்ளியிருக்கும் திருக்கழுக்குன்றத்து மலைத்தொடரையும் இந்த ஊர்ப் பெயராலேயே குறித்துக்கொண்டார்கள்.

இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே மணலைத்தான் சுட்டுகின்றன என்பது திருக்கழுக்குன்றம் வட்டத்தில் வளர்ந்த ஒருவருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கணினிக்கு இவை ஐந்து வெவ்வேறு ஊர்கள். யாராவது உட்கார்ந்து இவை ஒன்றே என்று இணைத்துத் தரும்வரை அது ஐந்தாகவே எண்ணிக்கொண்டிருக்கும்.

வரலாறு, மருத்துவம், கடலியல், தட்பவெப்ப ஆய்வு என்று எந்தத் துறையை எடுத்தாலும் இன்று ‘தரவு’ என்ற சொல் இல்லாமல் ஆய்வில்லை. பேச்செல்லாம் வேகத்தைப் பற்றியும் அளவைப் பற்றியும்தான். ஆனால் செங்கல்பட்டுக் கரையில் கடந்த அறுபது ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், ஒவ்வொன்றிலும் முடிவைத் தீர்மானித்த வேலை வேறொன்றாக இருக்கிறது. இங்கே இருக்கும் இந்தப் பெயரும் அங்கே இருக்கும் அந்தப் பெயரும் ஒரே ஊரா, ஒரே ஆளா, ஒரே அளவா என்று முடிவு செய்வதுதான் அந்த வேலை. அது மண்ணுக்கு அருகில் இருப்பவர்களின் அறிவு. அந்த அறிவு நம்மிடம் இருக்கிறது, அதற்கு நாம் விலை வைக்கவில்லை என்பதே என் ஆதங்கம்.

முதலில் டச்சுக் காகிதங்கள். 1602-இல் தொடங்கி 1799-இல் கலைக்கப்பட்ட டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி எழுதித் தள்ளிய கம்பெனி. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் சதுரங்கப்பட்டினத்திலும் இருந்த அதன் அலுவலர்கள் என்ன துணி, எத்தனை கட்டு, யாருக்கு எவ்வளவு முன்பணம், எந்தக் கப்பல் எப்போது வந்தது என்று ஓயாமல் எழுதினார்கள். தி ஹேக், ஜகார்த்தா, கொழும்பு, கேப் டவுன், சென்னை ஆகிய நகரங்களில் அந்தக் கம்பெனியின் ஆவணங்கள் சுமார் இரண்டரைக் கோடிப் பக்கங்கள் இருக்கின்றன. 2003-இல் யுனெஸ்கோ இவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் இதில் ஒரு பங்கு இருக்கிறது.

இரண்டரைக் கோடிப் பக்கத்தை யார் படிப்பது? 17-ஆம் நூற்றாண்டு டச்சுக் கையெழுத்தைப் படிக்கவே தனிப் பயிற்சி வேண்டும். நெதர்லாந்தின் ஹாய்கன்ஸ் ஆய்வு நிறுவனம் 2022-இல் தொடங்கிய ‘குளோபலைஸ்’ என்ற திட்டம் இதைக் கணினியிடம் ஒப்படைத்தது. ஆசியாவிலிருந்து நெதர்லாந்துக்குப் போன கடிதங்களும் அறிக்கைகளும் அடங்கிய ஏறக்குறைய 50 லட்சம் பக்கங்களை அதன் நிரல் படித்து எழுத்தாக்குகிறது. முறை எளிது. பக்கத்தின் படத்தில் வரி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று நிரல் முதலில் கண்டுபிடிக்கும். பிறகு ஒவ்வொரு வரியாக எடுத்து எழுத்தாக்கும். இதற்கு முன் மனிதர்கள் கையால் படித்து எழுதிவைத்த பல ஆயிரம் பக்கங்களைக் காட்டி அதற்குப் பழக்கியிருப்பார்கள்.

நூறு எழுத்தில் 95 எழுத்தைச் சரியாகப் படிக்கும் ஒரு நிரலை எண்ணிப் பாருங்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சட்ரஸ்பட்டணம் என்ற பெயர் ரோமன் எழுத்தில் 12 எழுத்து. 12 எழுத்தும் பிழையின்றி அமைவதற்கு ஏறக்குறைய பாதி வாய்ப்புத்தான் இருக்கிறது. அதோடு இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்கிறது. நிரல் டச்சு மொழியின் வழக்கமான சொற்களை நிறையப் பார்த்துப் பழகியது. மங்கலான ஓர் எழுத்தை அண்டை எழுத்துகளின் துணையால் ஊகித்துவிடும். தமிழ் ஊர்ப்பெயரும் செட்டியார் பெயரும் அந்தப் பழக்கத்துக்கு வெளியே இருப்பவை. ஆகவே டச்சுச் சொற்களில் சரியாக நடக்கும் கருவி நம் பெயர்களில்தான் அதிகம் தடுமாற வாய்ப்புண்டு. சதுரங்கப்பட்டினம் என்று தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், அந்தப் பக்கங்களில் ஊர் இல்லை என்று பொருளில்லை. எத்தனை விதமாக அந்த ஊரை எழுதியிருப்பார்கள், எத்தனை விதமாகத் தப்பாகப் படித்திருக்கும் என்று ஊகித்துத் தேடத் தெரிந்தவருக்கே அந்தக் கடல் திறக்கும்.

அதே காலத்துக் காகிதங்களிலிருந்து வேறொரு துறையினர் வேறொன்றை எடுத்தார்கள். பாய்மரக் கப்பலில் காற்றே எல்லாம். அதனால் எந்த நாட்டுக் கப்பலானாலும் காற்றின் திசையையும் வேகத்தையும் கப்பல் நாட்குறிப்பில் தவறாமல் எழுதினார்கள். 1782 பிப்ரவரி 17 அன்று சதுரங்கப்பட்டினத்துக்கு வெளியே கடலில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனும் ஆங்கிலத் தளபதி எட்வர்ட் ஹியூஸும் மோதினார்கள். போர் வரலாற்றாசிரியருக்கு அது ஒரு கடற்போர். தட்பவெப்ப ஆய்வாளருக்கோ அந்தக் காலத்துக் கப்பல் ஒவ்வொன்றும் ஒரு மிதக்கும் வானிலை நிலையம். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் 2000-களின் தொடக்கத்தில் நடந்த ‘கிளைவாக்’ திட்டம் 1750 முதல் 1850 வரையிலான ஸ்பானிய, டச்சு, பிரெஞ்சு, ஆங்கில நாட்குறிப்புகளிலிருந்து பெருங்கடல்களின் தட்பவெப்பத் தரவுத்தளம் ஒன்றை உருவாக்கியது. கருவியால் காற்றை அளக்காத காலத்துத் தட்பவெப்பத்தைப் பற்றி நமக்குக் கிடைத்த அரிய சான்று அது.

அந்தத் திட்டத்திலும் பெரும்பாடு பெயரில்தான். டச்சு மாலுமி ‘மேல்பாய் தாங்கும் காற்று’ என்று ஒரு சொல் எழுதுவான். ஸ்பானிய மாலுமி வேறு சொல் எழுதுவான். இரண்டும் ஒரே வேகமா? இதைத் தீர்க்க நான்கு மொழிக் காற்றுச் சொல்லகராதி ஒன்றைத் தொகுத்து வெளியிட்டார்கள். எண்களும் ஒன்றுபோல இல்லை. இன்று தீர்க்கரேகையை கிரீனிச்சிலிருந்து எண்ணுகிறோம். டச்சுக்காரர்கள் கேனரித் தீவுகளில் உள்ள டெனரிஃப் மலைச்சிகரத்திலிருந்து எண்ணினார்கள். இது தெரியாமல் எண்ணை அப்படியே வரைபடத்தில் வைத்தால் கப்பல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்கும். நம் கொண்டல், வாடை, கச்சான் போன்ற காற்றுப் பெயர்களுக்கு இப்படி ஓர் அகராதியை, ஊருக்கு ஊர் மாறும் பொருளோடு, எந்தத் தட்பவெப்பத் தரவுத்தளத்திலாவது சேர்க்க வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை.

கல்லுக்கு வருவோம். சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே பாலாறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது வாயலூர். அங்கே ஒரு தூணில் இராசசிம்ம பல்லவன் தன் முன்னோர் வரிசையைப் பொறித்துவைத்தான். பெயர்கள் நீண்டுகொண்டே போகும். ஆனால் சிம்மவர்மன், கந்தவர்மன் என்று அதே பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. எந்தக் கந்தவர்மன் எந்தச் செப்பேட்டின் கந்தவர்மன் என்பதை வைத்து வரலாற்றாசிரியர்கள் நெடுங்காலம் வாதிட்டிருக்கிறார்கள். ஊருக்குப் பல பெயர் என்பது ஒரு சிக்கல் என்றால், பலருக்கு ஒரே பெயர் என்பது அதன் மறுபக்கம்.

இந்த மறுபக்கத்தைக் கணினி கொண்டு அணுகிய முதல் பெரிய முயற்சிகளில் ஒன்று நம் கல்வெட்டுகளில்தான் நடந்தது. ஜப்பானிய வரலாற்றாசிரியர் நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, தொரு மட்சுயி மூவரும் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களை எல்லாம் எடுத்து, காலம், இடம், பட்டம் இவற்றோடு கணினியில் ஏற்றி வகைப்படுத்தினார்கள். மூன்று தொகுதிகளாக அந்தப் பெயரடைவு 1978-இல் மதுரையில் வெளிவந்தது. வீட்டுக்கு வீடு கணினி வரும் என்று யாரும் நினைத்துப் பார்க்காத காலம் அது. ஒரு கல்வெட்டைப் படிக்கும்போது ‘மூவேந்தவேளான்’ என்பது ஒருவருடைய பட்டம், அவ்வளவுதான். ஆயிரக்கணக்கான பெயர்களை வரிசைப்படுத்திப் பார்த்தபோது அந்தப் பட்டம் எந்தக் காலத்தில் பெருகுகிறது, நிலவரி நிர்வாகத்தில் இருந்தவர்களோடு எப்படி ஒட்டி வருகிறது என்பதெல்லாம் தெரிந்தது. இன்ன ஊர் ‘உடையான்’ என்று முடியும் பெயர்களைத் தொடர்ந்து சென்று, சோழர் காலத்தின் பிற்பகுதியில் தனியார் நிலவுடைமை வளர்ந்ததைப் பற்றிக் கராஷிமா எழுதினார். சோழ அரசைப் பற்றிய பேச்சு அரசர்களின் போர்களிலிருந்து நகர்ந்து நிலத்துக்கும் வரிக்கும் வந்ததில் இந்த அட்டவணைகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

அதில் சுப்பராயலுவின் பங்கை அழுத்திச் சொல்ல வேண்டும். சோழ நாட்டின் நாடு, கூற்றம் என்ற உட்பிரிவுகளை வரைபடத்தில் குறித்து 1973-இல் அவர் வெளியிட்ட நூல், கல்வெட்டில் உள்ள ஊர்ப்பெயரை இன்றைய ஊரோடு ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்த உழைப்பின் பலன். பின்னாளில் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் புவித்தகவல் முறையில் தென்னிந்திய வரலாற்று நிலப்படம் ஒன்றை உருவாக்கும் பணியை அவர் நடத்தினார். கணினி வருவதற்கு முன்பே பொருத்தும் வேலை நடந்துவிட்டதால்தான் கணினிக்கு அங்கே வேலை கிடைத்தது.

ஆனால் என் கருத்தில் செங்கல்பட்டுக்கே உரிய பெருஞ்சொத்து கல்லிலும் இல்லை, டச்சுக் காகிதத்திலும் இல்லை. அது 18-ஆம் நூற்றாண்டு ஊர்க்கணக்கு.

ஆர்க்காட்டு நவாப் 1763-இல் சென்னையைச் சுற்றிய இந்தப் பகுதியை ஆங்கிலக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். கையில் வந்த நாட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளக் கம்பெனி தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளரை அனுப்பியது. 1767 முதல் 1774 வரை அவர் அளந்தார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்கள். ஒவ்வோர் ஊரிலும் நன்செய் எவ்வளவு, புன்செய் எவ்வளவு, ஏரி, குளம், தோப்பு, எத்தனை வீடு, எந்தச் சாதியினர், என்ன தொழில், எந்தக் கோயிலுக்கு எவ்வளவு மானியம், களத்தில் குவியும் நெல்லில் கணக்கப்பிள்ளைக்கும் தலையாரிக்கும் வெட்டியானுக்கும் தச்சனுக்கும் கொல்லனுக்கும் வண்ணானுக்கும் நாவிதனுக்கும் எத்தனை மரக்கால் என்று கணக்கு நீள்கிறது. பர்னார்ட் இதையெல்லாம் தானே கண்டுபிடித்து எழுதவில்லை. ஊர்க் கணக்கப்பிள்ளைகள் ஓலையில் வைத்திருந்த கணக்கே இதன் அடித்தளம். அந்த ஓலைகளிலும் ஒரு பகுதி தப்பிப் பிழைத்திருக்கிறது.

இந்த ஆவணத்தின் அருமை அதன் காலத்தில் இருக்கிறது. 1780-இல் ஹைதர் அலியின் படை ஆர்க்காட்டு நவாபின் நாட்டுக்குள் இறங்கியது. ஊர்கள் எரிந்தன, மக்கள் ஓடினார்கள், ஏரிகள் உடைந்து கிடந்தன. லயனல் பிளேஸ் 1790-களில் கலெக்டராக வந்து பார்த்த செங்கல்பட்டு, பர்னார்ட் அளந்த செங்கல்பட்டு அல்ல. பேரழிவுக்குச் சற்று முன் எடுத்த, ஊர்வாரியான ஒரு முழுப்படம் நம்மிடம் இருக்கிறது.

இதன் முக்கியத்துவத்தை 1960-களில் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து கண்டவர் தரம்பால். அவருக்குப் பின் சென்னையின் கொள்கை ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஜிதேந்திர பஜாஜ், எம்.டி. ஸ்ரீனிவாஸ் முதலியோர் அந்தக் கணக்குகளைத் தொகுத்துக் கணித்தார்கள். 2001-இல் திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய இரண்டு ஊர்களின் கணக்கை அந்த மையம் நூலாகவே வெளியிட்டது. இன்னொரு புறம் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் சுகாசா மிசுஷிமா, பர்னார்டின் ஊர்வாரித் தரவைக் கணினியில் ஏற்றிப் புவித்தகவல் முறையால் நிலப்படத்தில் விரித்தார்.

இரு தரப்புக்கும் அடித்தளம் ஒன்று, கேள்வி வேறு. சென்னை அறிஞர்கள் விளைச்சல் எவ்வளவு, ஊர் தன் உள்ளேயே எப்படிப் பகிர்ந்துகொண்டது என்று கேட்டார்கள். மிசுஷிமா ஊரின் எல்லையைத் தாண்டும் உரிமைகளைத் தேடினார். காணியாட்சி என்ற பரம்பரை நிலப்பங்கு யாரிடம் இருந்தது, அவருக்கு வேறு எந்தெந்த ஊர்களில் பங்கு, அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு தொலைவு என்று நிலப்படத்தில் பார்த்தபோது, ஊர் தன்னிறைவான குட்டிக் குடியரசு என்ற பழைய சித்திரம் நிற்கவில்லை. பல ஊர்களைப் பின்னிய ஒரு வட்டாரச் சமூகம் தெரிந்தது. ஒரே கணக்கைத் தனித்தனி ஏடாகப் படிக்கும்போதும் வரைபடத்தில் விரித்துப் படிக்கும்போதும் வேறு வேறு கேள்விகள் எழுகின்றன என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

இங்கேதான் ‘ஒரே அளவா’ என்ற கேள்வி வருகிறது. கலம் என்றால் 12 மரக்கால், மரக்கால் என்றால் 8 படி. வாய்ப்பாட்டில் சரி. மரக்காலின் கொள்ளளவு ஊருக்கு ஊர், கோயிலுக்குக் கோயில் மாறியது. 18-ஆம் நூற்றாண்டில் ஏக்கருக்கு இத்தனை கிலோ விளைந்தது என்று யார் சொன்னாலும், அந்த எண்ணின் அடியில் ஒரு மரக்கால் ஒளிந்திருக்கிறது. எந்த மரக்கால் என்று கேட்காமல் அந்த எண்ணை ஏற்கவும் கூடாது, மறுக்கவும் கூடாது.

காணி என்ற சொல்லைப் பாருங்கள். நில அளவில் காணி என்பது 100 குழி, இன்றைய கணக்கில் 1.32 ஏக்கர். எண்சுவடியில் காணி என்பது எண்பதில் ஒரு பங்கு. உரிமை என்ற பொருளில் காணி என்பது பரம்பரை நிலப்பங்கு. ஓலையில் மூன்றும் ஒரே சொல்லாகத்தான் இருக்கும். சூழலைப் பார்த்துப் பிரிக்கக் கணக்கப்பிள்ளைக்கு நொடி போதும். தரவுத்தளத்தில் எந்தப் பத்தியில் இடுவது என்று தெரியாமல் இட்டுவிட்டால், பின்னால் வரும் எல்லாக் கூட்டலும் பிழை.

இதிலும் ஒரு தொழில்நுட்பத் துயரம் இருந்தது. மா, காணி, முந்திரி என்ற பின்னங்களுக்கும் நெல் அளவைகளுக்கும் நம் கணக்கர்கள் தனிக் குறிகள் வைத்திருந்தார்கள். முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. அந்தக் குறிகளுக்குக் கணினியில் இடமே இல்லை. 2019-இல் வெளிவந்த யூனிகோடின் 12-ஆம் பதிப்பில்தான் தமிழ்ப் பின்னங்களும் கணக்குக் குறிகளுமாக 51 குறியீடுகளுக்கு இடம் கிடைத்தது. அதுவரை ஓலையில் உள்ளதை உள்ளபடி கணினியில் எழுத எல்லோருக்கும் பொதுவான வழியில்லை. பின்னத்தைத் தசமமாக்கி எழுதலாம். எழுதியவர் எங்கே தவறினார் என்று பின்னால் வருபவர் சரிபார்க்கத்தான் வழியிருக்காது.

இன்னொன்றையும் சொல்லாமல் கடந்துபோக முடியவில்லை. இந்தக் கணக்குகளில் காணியாட்சிக்காரருக்குப் பெயர் உண்டு. சேற்றில் இறங்கி உழுதவர்களும் நட்டவர்களும் இத்தனை வீடு என்ற எண்ணிக்கையாகவே வருகிறார்கள். கணக்கை வைத்தவர்களின் பார்வை அது. கணினியில் ஏற்றும்போது அந்தப் பார்வை அப்படியே ஏறிவிடுகிறது. வரைபடத்தில் வண்ணமாக விரியும்போது, இது முழு ஊர் என்ற மயக்கத்தையும் தருகிறது. பெயருள்ளவர்களின் பங்கை எவ்வளவு துல்லியமாக வரைந்தாலும், பெயரில்லாதவர்களின் வீட்டு எண்ணிக்கையை அதன் பக்கத்திலேயே வைத்துப் படிக்கும் பொறுப்பு ஆய்வாளருக்கு உண்டு.

ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிய கணக்கு இந்த மாவட்டத்தில் 1968-இல்தான் தொடங்கியது என்று நினைக்கத் தோன்றுகிறது. காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசி உண்மையில் எவ்வளவு காக்கிறது என்று அறிய, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உலக சுகாதார நிறுவனத்தோடும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையோடும் சேர்ந்து ஓர் ஆய்வு நடத்தியது. வீடு வீடாகப் போய் 3,66,625 பேரைப் பதிந்தார்கள். அவர்களில் 2,81,161 பேருக்கு ஊசி போட்டார்கள். சிலருக்குத் தடுப்பூசி, சிலருக்கு வெற்று மருந்து. யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை திரும்பிப் போய் எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் எடுத்தார்கள். 15 ஆண்டு முடிவில், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் அந்தத் தடுப்பூசி பயன் தரவில்லை என்று தெரிந்தது. எதிர்பார்த்ததற்கு மாறான முடிவு. உலகம் முழுவதும் காசநோய்த் தடுப்பைப் பற்றிய விவாதத்தில் செங்கல்பட்டின் பெயர் இன்றுவரை நிற்கிறது.

இந்த முடிவு எதைச் சார்ந்து நிற்கிறது? இரண்டரை ஆண்டு கழித்து எக்ஸ்ரே வண்டி முன் வந்து நிற்கும் முனியம்மாள்தான் அன்று ஊசி போட்டுக்கொண்ட முனியம்மாள் என்பதைச் சார்ந்து நிற்கிறது. ஒரே தெருவில் மூன்று முனியம்மாள் இருக்கலாம். ஒருத்தி கல்யாணமாகி அடுத்த ஊருக்குப் போயிருக்கலாம், இன்னொருத்தி வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லலாம். தடுப்பூசி பெற்றவரும் வெற்று மருந்து பெற்றவரும் பதிவேட்டில் கலந்துவிட்டால், நன்றாக வேலை செய்யும் மருந்துகூட வேலை செய்யாததுபோலத் தெரியும். ஆகவே ‘பயனில்லை’ என்ற முடிவை உலகம் நம்ப வேண்டுமென்றால் ஆளை அடையாளம் கண்டதில் ஐயம் இருக்கக் கூடாது. கதவு எண்ணையும் குடும்பத் தலைவர் பெயரையும் வயதையும் வைத்து ஆளைச் சரிபார்த்துக்கொண்டு வெயிலில் நடந்த களப்பணியாளர்கள்தான் அந்த ஆய்வின் அடித்தூண். புள்ளியியல் அவர்கள் தோளில் ஏறி நின்றது.

கடலுக்குள்ளும் இதே கதைதான். மாமல்லபுரம் மீனவர்கள் கடலுக்கடியில் கட்டடங்கள் கிடப்பதாகத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள். ‘ஏழு கோயில்’ என்று ஐரோப்பிய மாலுமிகள் இந்த ஊரை அழைத்ததும் அந்த நம்பிக்கைக்கு உரம். 2002-இல் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனம், இங்கிலாந்தின் அறிவியல் தேடல் சங்கம் ஒன்றோடு சேர்ந்து கடற்கோயிலுக்கு எதிரே ஆய்வு செய்து, 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில் சுவர்போன்ற அமைப்புகளும் சிதறிய கற்களும் இருப்பதைக் கண்டது. ஒலியலைக் கருவி கடலடியின் உருவத்தைத்தான் காட்டும். அந்த உருவம் மனிதன் அடுக்கிய கல்லா, இயற்கையான பாரா என்று சொல்ல முக்குளித்துப் பார்க்கும் கண் வேண்டும். எங்கே முக்குளிப்பது என்று சொல்ல, வலை எங்கே சிக்கும் என்று அறிந்தவர் வேண்டும்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நடந்ததைச் சொன்னால் இந்தப் பெயர் விவகாரம் எவ்வளவு தூரம் போகும் என்பது விளங்கும். சாளுவன்குப்பத்தில் புலிக்குகையை அடுத்த ஒரு பாறையில் மணல் மூடியிருந்த கல்வெட்டுகள் வெளிப்பட்டன. அவற்றில் திருவிழிச்சில் என்ற ஊரில் இருந்த ஒரு முருகன் கோயிலுக்குக் கொடை கொடுத்த செய்தி இருந்தது. திருவிழிச்சில் எது? இன்றைய சாளுவன்குப்பம்தான் என்று கல்வெட்டறிஞர்கள் கண்டுகொண்டார்கள். அப்படியென்றால் கோயில் இங்கேதானே இருக்க வேண்டும்? 2005-இல் இந்தியத் தொல்லியல் துறை பக்கத்து மணல்மேட்டைத் தோண்டியது. செங்கல்லால் கட்டிய பழங்கோயில் ஒன்று, மேலே பல்லவர் காலக் கல்கட்டடத்தின் எச்சத்தோடு, வெளியே வந்தது. இரண்டு பெயரும் ஒரே ஊர் என்று அறிந்த அறிவு ஒரு கோயிலை மண்ணிலிருந்து எடுத்தது.

நம் காலத்து நிர்வாகமும் இந்தச் சிக்கலைப் பெருக்கிக்கொண்டேதான் இருக்கிறது. 1997-இல் செங்கல்பட்டு மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரிந்தது. 2019-இல் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு மீண்டும் பிறந்தது. 1991 கணக்கெடுப்பின் ‘செங்கல்பட்டு’ வேறு, இன்றைய செங்கல்பட்டு வேறு. பி.சி.ஜி. ஆய்வு நடந்த இடம் இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்திலேயே இல்லை. மழை, நெல், நோய் எதைப் பற்றியானாலும், மாவட்டப் பெயரை மட்டும் பார்த்து இரண்டு பத்தாண்டுகளின் தரவை ஒட்டுகிற ஆய்வு வேறு வேறு நிலங்களை ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். அறிக்கையில் இது பார்வைக்குத் தெரியாது. வரைபடம் அழகாகத்தான் இருக்கும்.

மிசுஷிமாவின் குழு இந்தியா முழுமைக்குமான ஊர்ப்பெயர் தேடுகருவி ஒன்றையும் உருவாக்கிப் பொதுவில் வைத்தது. பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலைக் கொடுத்தால் ஊர் எங்கே என்று காட்டும். நன்றியோடு நான் பயன்படுத்துவது அது. அதைத் திறக்கும்போதெல்லாம் ஒரு கேள்வியும் கூடவே வருகிறது. செங்கல்பட்டு ஊர்களின் பெயரைப் பொருத்தித் தரும் கருவி செங்கல்பட்டில் அல்லவா பிறந்திருக்க வேண்டும்? இந்த மாவட்டத்தில் எத்தனை கல்லூரிகள்! பொறியியல் படிக்கும் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். வரலாற்றுத் துறை மாணவர்களும் கணினித் துறை மாணவர்களும் ஒரே வளாகத்தில் ஒருவரையொருவர் அறியாமல் மூன்றாண்டைக் கழித்துவிட்டுப் போகிறார்கள். அவர்களை ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர் ஒருவரோடும் கோயில் கணக்கு வைத்திருக்கும் பெரியவர் ஒருவரோடும் ஒரு மேசையில் உட்காரவைத்தால், பர்னார்டின் ஊர்ப் பட்டியலில் ஒரு வட்டத்தை ஒரு பருவத்தில் முடித்துவிடலாம்.

அப்படிச் செய்யும்போது பட்டியலில் ஒரு பத்தி கூடுதலாக வேண்டும். பழைய பெயர், இன்றைய பெயர், அட்சரேகை, தீர்க்கரேகையோடு நிறுத்தாமல், இவை ஒன்று என்று யார் சொன்னார், எதை வைத்துச் சொன்னார் என்று எழுதும் பத்தி. ஏரியின் பெயர் மாறவில்லை என்பதாலா, அம்மன் பெயராலா, ‘எங்க தாத்தா காலத்துல அந்த மேட்டுக்குப் பேரு அதுதான்’ என்று ஒரு பாட்டி சொன்னதாலா? அந்தப் பத்தியில் பாட்டி ஒப்புக்கொண்டால் அவர் பெயரும் வர வேண்டும். 1767-இல் தொடங்கி ஓலைக் கணக்கைத் திறந்து காட்டிய ஊர்க் கணக்கப்பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்க, அந்தக் கணக்கு இன்று பர்னார்டின் பெயரால் வழங்குகிறது. அதே தவற்றை இன்னொரு முறை செய்ய வேண்டாம்.

எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டால் வடக்குப்பட்டிலிருந்து என்பேன். 18-ஆம் நூற்றாண்டுக் கணக்கு நூலாக வந்திருக்கும் ஊர்களில் ஒன்று. மேடவாக்கம் பக்கத்தில் ஒரு வடக்குப்பட்டு இருக்கிறது. அடுக்குமாடிகள் சூழ்ந்து அது சென்னையாகிவிட்டது. ஒரகடம் பக்கத்தில் இன்னொரு வடக்குப்பட்டு இருக்கிறது. 2022-இல் தொல்லியல் துறை தோண்டி, பழைய கற்கருவிகளையும் பல்லவர் காலக் கட்டட எச்சத்தையும் எடுத்த ஊர் அது. ஓலையில் உள்ள ஏரியின் பரப்பையும் எல்லை ஊர்களின் பெயரையும் எழுதி எடுத்துக்கொண்டு, இரண்டு ஊர் ஏரிக்கரையிலும் ஒரு நாள் நடந்துவிட்டு வர வேண்டும்.